நீ கேட்ட எஞ்சின் சத்தம்

வேலு, இது உன் நைனா எழுதுவது. நலம் விசாரிப்பதைக் கடைசிக்கு ஒத்திப் போட்டிருக்கிறேன். 'நீ சுகமா, இங்கே எல்லாரும் சுகம்' என்று ஆரம்பித்தால் என் கதை எனக்குத் தெரியும். மழை பெய்தது, பங்காளி வீட்டு மாடு கன்று போட்டது என்று இரண்டு பக்கத்தை ரொப்பிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே உறையை ஒட்டிவிடுவேன். மூன்று வருஷத்துக்கு மேலாகப் போனில் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன். அதனால் எடுத்த எடுப்பிலேயே போட்டு உடைக்கிறேன். உன் வெள்ளைக் கார் நம் வீட்டில்தான் இருக்கிறது. திருடு போகவில்லை, நான் விற்கவும் இல்லை. ஆனால் அது வெளியே வராது. அதைச் சுற்றி நான் சுவர் கட்டிவிட்டேன்.

மறுபடியும் படித்துப் பார்க்காதே, சரியாகத்தான் படித்தாய். நீ கத்தாருக்குக் கிளம்பியபோது வீட்டுக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்தது அல்லவா, தெருப்பக்கம் பெரிய இரும்பு கேட் போட்டு? இப்போது அந்த கேட் இல்லை. அது இருந்த இடத்தில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் வரிசையாக நாலு ரூம், அதை ஒட்டிக் குளியலறையும் கக்கூஸும். ஓரத்தில் மூன்றடிச் சந்து, அதற்கு ஒரு சின்ன கேட். சைக்கிள் வரும். பைக் வரும், கண்ணாடியை மடக்கினால். உன் வண்டி பின்கோடியில் ஷெட்டுக்குள் நிற்கிறது. அதற்குப் பின்னால் பங்காளி வீட்டுச் சுவர், ஒரு பக்கம் நம் வீடு, இன்னொரு பக்கம் குடோன்காரன் மதில். ரூம் கட்டினது உனக்குத் தெரியும். வண்டிக்கு வழி விட்டுத்தான் கட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ கேட்டபோதெல்லாம் நானும் ஆமாம் ஆமாம் என்றுதான் சொன்னேன்.

தை மாசம் வல்லக்கோட்டை முருகன் கோயிலில் உனக்குக் கல்யாணம். தாலி கட்டின கையோடு ரேவதியை உன் சொந்தக் காரில் உட்கார வைத்து நீயே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறாய். அவள் உங்கம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள். நீ வந்து இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த மூன்றடி சந்தில் நுழைந்து வண்டியைப் பார்க்கிற நேரத்தில் நான் எங்கே நிற்பது, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு நிற்பது? நீ வந்து பார்த்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் என் வாயால் உனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். ரேவதியும் படிக்கட்டும், உங்கம்மாவும் படிக்கட்டும், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். ஒளித்து ஒளித்து எனக்கு அலுத்துவிட்டது.

அந்த வண்டி ஏன் வீட்டில் சும்மா நின்றது என்பது ரேவதிக்குத் தெரியாது, அவளுக்காகச் சொல்கிறேன். கார் கம்பெனிக்கு நம் நிலத்தை எடுத்த பணம் வந்தபோது நீ ஆசைப்பட்டுக் கேட்டாய், வாங்கினோம். கம்பெனி ஆபீசர்களை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப் போவதும் கூட்டி வருவதுமாக நன்றாகத்தான் ஓடியது. பின்பக்கக் கண்ணாடியில் 'அம்மா துணை' என்று ஒட்டினாய், உங்கம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு கம்பெனிக்காரர்கள் மொத்தத்தையும் பெரிய டிராவல்ஸ் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒற்றை வண்டி வைத்திருந்தவர்களை எல்லாம் கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். வீட்டுக்கு என் மொபெட்டே போதும். மார்க்கெட்டுக்கும் ரேஷன் கடைக்கும் காரில் போகிற குடும்பமா நாம்? விற்றுவிடு என்றேன். நீ கேட்கவில்லை. "ரெண்டே வருஷம் நைனா. அரபிக்காரன் வூட்ல ஓட்டிட்டு வந்து அப்பாலிக்கு என் வண்டிய நானே ஓட்டறேன். நீ பத்திரமா வச்சிரு, போதும்" என்றாய்.

பத்திரமாகத்தான் வைத்தேன், வேலு. அந்த ஒரு வருஷத்துக்கு யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. வண்டியை நிறுத்தி வைப்பது எப்படி என்று இந்தத் தாலுக்காவில் என்னைப் போலத் தெரிந்தவன் யார்? என் வேலையே அதுதானே. நம் வேர்க்கடலைக் கொல்லை இருந்த திசையில் இன்றைக்கு ஸ்டாக் யார்டு. கம்பெனியில் பூட்டி முடித்த கார்கள் லாரி ஏறும் வரைக்கும் அங்கேதான் வெயிலில் நிற்கும், கண்ணுக்கு எட்டின மட்டும் கார். அதற்கு நான் செக்யூரிட்டி. அங்கே பார்த்துக் கற்றுக்கொண்டதை எல்லாம் உன் வண்டிக்குச் செய்தேன். ஹேண்ட் பிரேக் போட்டு வைத்தால் நாளாக நாளாகப் பிடித்துக்கொள்ளும் என்று அதை விட்டுவிட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி கால் மணி நேரம் ஓடவிட்டேன். பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டால் உள்ளே வேர்த்துத் துருப்பிடிக்கும் என்று உங்கம்மாவின் பழைய பருத்திப் புடவைகளைத் தைத்துப் போர்த்தினேன். டயர் ஒரே பக்கம் அமுங்கிப்போகாமல் இருக்க நாலு பக்கமும் கல் அடுக்கி ஏற்றி நிறுத்தினேன். எலிக்குப் புகையிலை, பூச்சிக்குப் பாச்சை உருண்டை. உங்கம்மா சொன்னாள், "என்னைப் பிரசவத்துக்கு அனுப்பினப்பகூட இந்தக் கவனிப்பு இல்ல."

இனிமேல்தான் தப்பு வருகிறது. நீ போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, ஆனி மாசக் கடைசி. ஊரில் எல்லாரும் ரூம் கட்டிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலி, ராம்நாடு பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்கு வந்து, தங்க இடமில்லாமல் ஸ்ரீபெரும்புதூர் லாட்ஜில் எட்டுப் பேர் பத்துப் பேராகப் படுத்துக் கிடந்தார்கள். நாமும் கட்டலாம் என்று ஏகாம்பரம் மேஸ்திரியைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "ஆடி பொறந்தா கடக்கால் போடக் கூடாதுபா. நடுவுல நாளைக்கு ஒரு நாள்தான் கீது. வண்டிய எடுத்து ரோட்டாண்ட வுடு, காலீல ஆளோட வரேன்" என்றார். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, நீ போன் பண்ணினாய். நான் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன், ரூம் கட்டப் போகிறோம், வண்டி அடைத்துக்கொண்டு நிற்கிறது, மறைமலை நகரில் ஒருத்தன் கேட்கிறான், கொடுத்துவிடலாமா என்று. நீ அங்கே என்ன கஷ்டத்தில் இருந்தாயோ. சீறி விழுந்தாய். "எவனும் அத்த தொடக் கூடாது. நீ கூடத்தான் நைனா. நெலத்தயும் இப்டித்தான் என்னைக் கேக்காம கையெழுத்துப் போட்டுட்டு வந்த. இதுலயும் அந்த வேலய காட்டாத."

சுருக்கென்று தைத்தது. போனை வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் மேஸ்திரி ஆட்களோடு வந்து நின்றார். "இன்னாபா, வண்டி நவுரலியே?" என்றார். "தொடக் கூடாதாம். அப்டியே கட்டு" என்றேன். "கட்டிட்டா அது எப்டிபா வெளிய வரும்?" "தொடாதன்னவன் வந்து தூக்கினு போவான். நீ கட்டு." அந்த ஆள் என்னைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், உங்கம்மாவைப் பார்த்தார். உங்கம்மா, "இந்த மனுசனுக்கு மண்டையில ஏறிக்கீது. ஒரு நாள் பொறுங்க மேஸ்திரி, எறங்கிடும்" என்றாள். அதற்கு அவர், "ஒரு நாள் பொறுத்தா ஆடி வந்துடும்மா. அப்றம் ஆவணிதான்" என்று அளவுக் கயிற்றைப் பிடித்துவிட்டார். நான் ஒரு வார்த்தை நிறுத்து என்று சொல்லியிருக்கலாம். கல்லிலிருந்து இறக்கி நாலு பேர் தள்ளினால் அரை மணி நேர வேலை. சொல்லவில்லை. வீம்பு. நீ சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அதையும் சொல்லிவிடுகிறேன். நிலத்துக்குக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு நீ மறைமலை நகரில் வேலையில் இருந்தாய், சொல்லி அனுப்ப நேரமில்லை என்று உன்னிடம் சொன்னேன். நேரம் இருந்தது. முந்தின நாளே எனக்குத் தெரியும். நீ என் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டாய். கேட்டால் வேண்டாம் என்பாய், ஊரே போட்டுவிட்ட பிறகு நான் மட்டும் உன்னோடு நிற்க எனக்குத் தெம்பு இல்லை. கேட்காமல் இருந்தால் நீ வேண்டாம் என்று சொன்னதாக ஆகாது அல்லவா? அந்தக் கணக்குதான். உனக்கும் ஒரு குடும்பம் வரப் போகிறது, கேட்டுக்கொள்: பதில் என்னவென்று தெரிந்தே ஒருத்தரைக் கேட்காமல் விடுவது இருக்கிறதே, அது மறந்துபோய் விட்டதைவிடப் பெரிய துரோகம். நான் பெற்ற பிள்ளைக்குச் செய்தேன்.

கோபம் நாலு நாளில் தணிந்துவிட்டது. அதற்குள் சுவர் இடுப்புக்கு வந்துவிட்டது. அப்போதாவது நிறுத்தினேனா? மேஸ்திரியிடம் போய்ப் பிரிக்கச் சொல்ல வெட்கமாக இருந்தது, ஊர் சிரிக்குமே என்று. அவ்வளவுதான். தளம் போட்டு, வெள்ளை அடித்து, ஆட்களும் குடிவந்துவிட்டார்கள். அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு உங்கம்மா வழக்கம்போல வண்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, நாலு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாள். கற்பூரம் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். வண்டியை ஏற்றிப் பழத்தை நசுக்க வேண்டும் அல்லவா? சக்கரமே தரையில் படாமல் கல்மேல் நிற்கிற வண்டி எதை நசுக்கும்? அப்புறம் அவளே ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பழத்தை வெளியே உருட்டி, குதிகாலால் நாலையும் நசுக்கிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதுவரைக்கும் எஞ்சினாவது ஓடிக்கொண்டிருந்தது. ரூமில் ஆட்கள் வந்த பிறகு ஒருநாள் காலையில் ஸ்டார்ட் பண்ணினேன். நாலு பக்கமும் சுவர், புகை எங்கே போகும்? நேராக ரூமுக்குள் போய்விட்டது. மூன்றாவது ஷிஃப்ட் முடித்துப் படுத்திருந்த பிள்ளைகள் கைலியோடு இருமிக்கொண்டே ஓடி வந்தார்கள். அதில் இசக்கி என்று ஒருத்தன், தென்காசிப் பக்கம். "அண்ணாச்சி, வாடகை பாக்கி இருந்தா கேளுங்க, தந்துருதோம். இப்படியா கொல்லப் பாக்கது?" என்றான். அதோடு நிறுத்திவிட்டேன். பேட்டரி போயிற்று. அந்தப் பிள்ளைகள் ஊரிலிருந்து அரிசி மூட்டை கொண்டுவருவார்கள், அதற்கு எலி வரும், எலி புகையிலைக்கெல்லாம் பயப்படவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தபோது ஒயரைக் கடித்துக் குதறி, உங்கம்மா புடவைக் கிழிசலை இழுத்து வந்து மெத்தை போட்டுக் குட்டி வைத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் நீ கேட்டாய். நான் யார்டில் டியூட்டியில் இருந்தேன், வீட்டில் இருப்பதாக நினைத்துக்கொண்டாய். "நைனா, மனசே சரியில்ல. ஒரு வாட்டி வண்டிய ஸ்டார்ட் பண்ணி போனை காட்டேன், சத்தம் கேக்கணும் போல கீது." யார்டில் நிற்கிற வண்டிகளையும் முறை வைத்து ஸ்டார்ட் பண்ணி ஓடவிடுவார்கள். அந்தப் பக்கம் டிரைவர் பையன் ஒன்றை ஸ்டார்ட் பண்ணினான். நான் ஓடிப் போய், பானெட்டுக்குப் பக்கத்தில் போனை நீட்டினேன். நீ அங்கே கேட்டுவிட்டு, "சூப்பரா கீது நைனா! புதுசாட்டம் ஓடுதே!" என்றாய். உன் குரல் அப்படியே மாறிவிட்டது. அது புதுசுதான்டா, வேலு. சீட்டுக்கு மேல் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காத வண்டி. நீ தேங்க்ஸ் நைனா என்றாய். அதுவரைக்கும் நீ எனக்கு எதற்குமே தேங்க்ஸ் சொன்னது கிடையாது.

அதற்குப் பிறகு வாராவாரம் கேட்க ஆரம்பித்தாய். நான் ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சூப்பர்வைசருக்குச் சந்தோஷம், ஞாயிற்றுக்கிழமைக்கு எவன் வருகிறேன் என்பான்? மூன்று வருஷமாக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்ததில்லை. உன் மாமன் வீட்டு வளைகாப்புக்குப் போகவில்லை, வல்லக்கோட்டைக் கிருத்திகை ஞாயிற்றில் வந்தால் போகவில்லை. உங்கம்மா கறிக்குழம்பு வைத்துத் தனியாகச் சாப்பிடுவாள். "உள்ள ஒரு வண்டிய அடச்சி வச்சே, இப்ப நீயே போய் அந்த வண்டிங்க நடுவுல மாட்டிக்கினியா?" என்றாள் ஒரு நாள். அவள் பொய் சொன்னதில்லை, அவளைத் தப்பாக நினைக்காதே. வண்டியைப் பற்றிக் கேட்டால் 'நைனாவ கேளு' என்று சொல்வாளே, அதுதான் அவளால் முடிந்தது. நீ போட்டோ கேட்டாய். என் போனில் படம் எடுக்க வராது என்றேன். அது ஒன்றுதான் நிஜம்.

இதில் கேவலம் எது தெரியுமா? உன் ரெண்டு வருஷம் முடிந்து, நீ ஊருக்கு வர லீவு கேட்டாய். அரபிக்காரன் தரவில்லை, பாஸ்போர்ட்டும் அவனிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது, இன்னும் ரெண்டு வருஷம் இருக்க வேண்டியதுதான் என்று அழாத குறையாகச் சொன்னாய். உங்கம்மா முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் உனக்குத் தைரியம் சொன்னேன். ஆனால் உள்ளுக்குள் அப்பாடா என்றேன். பெற்றவன் நினைக்கிற நினைப்பா இது? பிள்ளை வர வேண்டும் என்று முருகனிடம் வேண்டுவேன், வருகிறேன் என்று நீ சொன்னால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகாதா என்பேன். நீ அங்கே வெளியே வர முடியாமல், வண்டி இங்கே வெளியே வர முடியாமல், நடுவில் நான் போனைப் பிடித்துக்கொண்டு யார்டில். நான் கட்டின சுவருக்குள் நான்தான் முதலில் மாட்டினேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

வெளியே எடுக்கப் பார்க்கவில்லையா என்று கேட்பாய். பார்த்தேன். உன் கல்யாணப் பேச்சு எடுத்தவுடனே இசக்கியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் எல்லாரும் கார் பூட்டுகிற லைனில் வேலை செய்கிற பிள்ளைகள்தானே, கழற்றித் துண்டு துண்டாகச் சந்து வழியாக வெளியே கொண்டுபோய் மறுபடி பூட்டித் தர முடியாதா என்று கேட்டேன். "கழட்டிரலாம் அண்ணாச்சி" என்று மார் தட்டினான். ரூமில் இருந்த அத்தனை பேரும் பனியனோடு வந்து வண்டியைச் சுற்றி நின்றார்கள். பிறகு ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்க்கிறார்கள். "எனக்கு இடது பக்கக் கதவு மட்டுந்தான் தெரியும் அண்ணாச்சி. வலது வேற ஆளு." இன்னொருத்தன் பின் சீட்டு மட்டும். ஒருத்தன் மூன்று வருஷமாகச் சக்கரத்துக்கு நட்டு மட்டும் முறுக்குகிறவன். முழுசாக ஒரு காரைத் தெரிந்தவன் அந்தக் கூட்டத்தில் ஒருத்தன்கூட இல்லை. அத்தனை சங்கடத்திலும் சிரித்துவிட்டேன். அவர்களும் சிரித்தார்கள். எல்லாவற்றையும் கழற்றினாலும் கூடு ஒரே துண்டு, அது மூன்றடியில் போகாது என்று இசக்கிதான் கடைசியில் சொன்னான். மேலே கரண்ட் கம்பி, கிரேனும் ஆகாது. போகிற போக்கில் ஒரு பேட்டரி கொண்டுவந்து மாட்டி, கடித்த ஒயரைச் சுற்றி ஒட்டி, சாவியைத் திருப்பிப் பார்த்தான். டிக், டிக் என்றது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

போன வாரம் ரேவதி வீட்டிலிருந்து வீடு பார்க்க வந்தார்கள். அவள் அம்மாவும் அத்தையும் உள்ளே உட்கார்ந்து காபி குடித்தார்கள். இவள் எழுந்து பின்பக்கம் வந்துவிட்டாள். நான் பின்னாலேயே ஓடினேன். புடவைப் போர்வையை ஓரமாகத் தூக்கி 'அம்மா துணை'யைப் பார்த்தாள். பிறகு திரும்பி ரூம் வரிசையைப் பார்த்தாள், சந்தைப் பார்த்தாள், மறுபடி வண்டியைப் பார்த்தாள். கெட்டிக்காரப் பெண், வேலு. "மாமா, இது எப்டி வெளிய போவும்?" என்றாள். "அவருக்குத் தெரியாதா?" தெரியாது என்று தலையை ஆட்டினேன். "ஞாயித்துக்கெழம வண்டி சத்தம் கேட்டேன், ஜம்முனு கீதுன்னு எங்கிட்ட சொன்னாரே மாமா." அதையும் சொன்னேன், யார்டு, போன், எல்லாவற்றையும். பெண் கொடுக்கிற வீட்டுக்கு எதிரில் ஒரு மாமனார் இப்படி நிற்கக் கூடாது. அவள் போர்வையைச் சரியாக இழுத்துவிட்டு, "நான் சொன்னா நல்லா இருக்காது. நீங்களே சொல்லிடுங்க. ஆனா அவர் ஏர்போர்ட்ல எறங்கறதுக்குள்ள சொல்லிடுங்க மாமா. எறங்கினப்பறம்னா நானும் சேந்து மறச்சதா ஆயிடும்" என்றாள். உள்ளே போய் அவள் அம்மாவிடம் வீடு நல்லாயிருக்கு என்று சொன்னாள்.

அவள் போன பிறகு எனக்கு நினைத்து நினைத்துப் பொறுக்கவில்லை. இந்த வீட்டுக்குள் காலெடுத்து வைப்பதற்கு முன்னாலேயே அந்தப் பெண்ணை என் பொய்க்குள் இழுத்துவிட்டேனே. ஒன்று சொல்கிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொண்டாலும் சரி. உனக்கு என் கோபம் வந்திருக்கிறது, மூக்கும் வந்திருக்கிறது, இரண்டையும் மாற்ற முடியாது. கோபம் வந்தால் அவளிடம் கத்து, தட்டை நகர்த்திவிட்டு வெளியே போ, வல்லக்கோட்டை வரைக்கும் நடந்துவிட்டு வா. ஆனால் அன்றைக்கு எந்தக் காரியமும் செய்யாதே. எதையும் கட்டாதே, எதையும் விற்காதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. கோபத்தில் செய்ததை மறுநாளே போய்த் தப்பு என்று சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் மூன்று வருஷம் ஆகிவிடும். எனக்கு ஆனது.

ஏகாம்பரம் மேஸ்திரியைப் பார்த்தேன். குளியலறையையும் முதல் ரூமையும் இடித்தால் வண்டியைத் தள்ளி வெளியே எடுத்துவிடலாம் என்கிறார். மார்கழி வருகிறதே என்றேன். "கட்டறதுக்குத்தான்பா நல்ல நாளு கெட்ட நாளு. இடிக்கறதுக்கு எல்லா நாளும் நல்ல நாளுதான்" என்றார். முதல் ரூமில் இசக்கியும் இன்னும் மூன்று பேரும் இருக்கிறார்கள். அவன், "நாங்க மாடியில கெடந்துக்கிடுதோம் அண்ணாச்சி, மாப்பிள்ளை வண்டி வெளிய வரட்டும்" என்கிறான். உங்கம்மா கடப்பாரையைத் தேடி எடுத்துச் சுவரில் சாய்த்தே வைத்துவிட்டாள். வெளியே எடுத்தாலும் தைக்குள் ஓடுமா என்பது வேறு கதை. எஞ்சின் பிடித்துப்போயிருக்கலாம், பழைய இரும்புக்குத்தான் போகுமோ என்னவோ. ஓடாவிட்டால் கல்யாணத்துக்கு வாடகை வண்டி பிடிக்கலாம். இப்படியே நிற்கட்டும் என்று நீ சொன்னாலும் நிற்கட்டும். ஆள் ரெடி, கடப்பாரை ரெடி, எனக்கும் கை துருதுருவென்கிறது, நாளைக்கே இடித்துத் தள்ளிவிட்டு உனக்கு நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று. மாட்டேன். உன்னைக் கேட்காமல் நிலத்தைக் கொடுத்தேன், உன்னைக் கேட்காமல் சுவரைக் கட்டினேன். உன்னைக் கேட்காமல் இனி ஒரு செங்கல்லைப் பெயர்க்க மாட்டேன். கேட்கிறேன், வேலு. என்ன செய்யட்டும்? நீ வேண்டாம் என்றால் வேண்டாம். திட்டிவிட்டுச் சொன்னாலும் சரி.

இந்தக் கடிதத்தை ஸ்ரீபெரும்புதூர் கூரியர் கடையில் நானே போய்க் கொடுக்கிறேன், ஒரு வாரத்தில் கிடைக்கும் என்றார்கள். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலக் கூப்பிடு. சூப்பர்வைசரிடம் இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். நான் வீட்டில்தான் இருப்பேன். உங்கம்மா குழம்பு வைத்திருப்பாள். நீ சாப்பிட்டாயா, உடம்பு எப்படி இருக்கிறது, கைவலி போயிற்றா, அரபிக்காரன் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துவிட்டானா என்று ஒத்திப் போட்டதை எல்லாம் அன்றைக்குக் கேட்கிறேன். அதற்கு முன்னால் பின்பக்கம் போய், உன் சீட்டில் உட்கார்ந்து, சாவியைப் போட்டு, போனை அதற்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு திருப்புகிறேன். டிக் என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான் வரும். கேட்டுக்கொள் வேலு, அதுதான் நம் வண்டி.